தாகமில்லாத செடி

பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்று அந்த வீட்டைச் சொல்லிவிட முடியாது. காலையில் கதவு திறந்ததிலிருந்து பேச்சுதான். என்ன, ஒருவரும் ஒருவரோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். மாடியில் இருந்த அண்ணி தன் செடியோடு பேசுவாள். கீழே இருந்த நாத்தனார் தன் வாஷிங் மெஷினோடு பேசுவாள். செடி கொல்லைச் சுவரோரம் இருந்தது, மெஷின் சமையலறைக்கு வெளியே கொல்லையைப் பார்த்து இருந்தது. நடுவில் நாலு எட்டு வைக்கிற தூரம். யார் யாரைச் சொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"வாயில்லாத ஜீவன், உனக்கெல்லாம் இங்க என்ன கிடைக்கப் போவுது?" என்று அண்ணி செடியின் பழுத்த இலையைக் கிள்ளுவாள்.

"எவ்வளவு சோப்பு போட்டாலும் சில அழுக்கு போகாது. நீ சுத்திக்கிட்டே கிட," என்று நாத்தனார் மெஷினின் மூடியை அறைந்து சாத்துவாள்.

நாத்தனாருக்குத் தெருவில் கண்ணாடிக்காரி என்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் அவள் சொன்ன பதிலுக்குப் பிறகு மறுபடி கேட்டதில்லை. அண்ணி, செத்துப்போன அவள் அண்ணனின் மனைவி. ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் குறைகளை ஃபோனில் கேட்பவள். முன்பின் தெரியாதவர்கள் திட்டுவதை நாள் முழுக்கத் தேன் குரலில் கேட்டுவிட்டு, பாக்கி விஷத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள் என்பது கண்ணாடிக்காரியின் முடிவு. வீடு இருவருக்கும் பொது. யாரும் காலி செய்வதாக இல்லை.

இந்தப் பகைக்குக் காரணம் ஒரு வாய்த் தண்ணீர்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் கைவிட்டுப்போய், கால் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். தண்ணீர் கூடவே கூடாது, மிஞ்சிப்போனால் மாத்திரைக்கு ஒரு மடக்கு, அதற்கு மேல் கொடுத்தால் ஆளுக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பகலில் கண்ணாடிக்காரி பக்கத்தில் இருந்தாள். அவன் கேட்டான். கெஞ்சினான். கையெடுத்துக் கும்பிட்டான். அவள் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாளே தவிர, தம்ளரை எடுக்கவில்லை. "பாவி" என்றான். "பாவியாவே இருந்துட்டுப் போறேன், வாயை மூடிட்டுப் படுண்ணே" என்றாள். மறுநாள் விடிவதற்குள் அவன் போய்விட்டான். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் அண்ணி எழுந்து நின்று விரலை நீட்டிச் சொன்னாள்: "கேட்ட தண்ணியைக்கூடக் கொடுக்காம அனுப்பி வச்சுட்டா."

அவ்வளவுதான். டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்ல அது நேரமா? சொன்னாலும் யார் கேட்பார்கள்? சாகக் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காதவள் என்ற பேர் அன்றைக்கு ஒட்டியது, வருஷங்கள் போயும் உரியவில்லை. சித்தி வீட்டுக்குப் போனால், சித்தி சொம்பை நீட்டும்போது ஒரு பார்வை பார்ப்பாள். அண்ணன் மகள் அயல்நாட்டில் வேலைக்குப் போனவள், அத்தைக்கு ஃபோன் செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரி யாரிடமும் அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும், தன் முகத்தில் கொட்டுவதற்காகவே சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். மோட்டார் போடுகிற பேச்சில்கூடத் தோன்றும்.

இந்த லட்சணத்தில்தான் செடி வந்து சேர்ந்தது.

மகள் இருந்த ஊர் வறண்ட மலைப்பாங்கான ஊர். அங்கே தானாக வளர்கிற வெள்ளை சேஜ் என்ற செடியின் விதைகளை அவள் அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். இலை வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி இருக்கும், கசக்கினால் மூக்கைத் துளைக்கும். அண்ணிக்கு அதைப் படத்தில் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பில்லை. ஆனால் இந்த ஊரோ, அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கிற ஊர். காயப்போட்ட துணி மறுநாளும் சொதசொதவென்று இருக்கும். உப்பு ஜாடியில் உப்பு கல்லாகிவிடும். கொல்லைச் சுவரில் பச்சைப் பாசி ஏறி, படியில் கால் வைத்தால் வழுக்கும். இங்கே அந்தச் செடியை வளர்ப்பேன் என்று ஒருத்தி நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அண்ணிக்கு அது இருந்தது. விதைகளில் பாதி முளைக்கவில்லை. முளைத்தவை தண்டடியில் அழுகிச் சாய்ந்தன. மறுபடி போட்டாள். கொல்லையில் வெயில் விழுகிற ஒரே மூலையில் உடைந்த செங்கல்லை அடுக்கி மேடு கட்டினாள். சுட்ட மண் தொட்டியில் பாதிக்கு மேல் ஜல்லியும் பருமணலும், மிச்சம் கொஞ்சம்போல மண். மழை மேலே விழாமல் கம்பு நட்டு, வெளிச்சம் புகும் தகடு ஒன்றைக் கட்டினாள். கடைசியாக மாடியிலிருந்து ஒயர் இழுத்து, செடியின் முன்னால் ஒரு சின்ன மேசை விசிறியை வைத்தாள். இலையில் ஈரம் தங்கக் கூடாதாம்.

"மனுஷி வேர்த்து ஊத்துறா, செடிக்கு ஃபேன். இன்னும் தொட்டிலும் தாலாட்டும்தான் பாக்கி," என்றாள் கண்ணாடிக்காரி மெஷினிடம்.

ஒரே ஒரு நாற்று பிழைத்தது. அதைத்தான் அண்ணி தலைமேல் தூக்கி வைத்து ஆடினாள். சும்மா சொல்லக் கூடாது, செடி அழகாகத்தான் வந்தது. முழங்கால் உயரத்துக்குப் புதராகி, வெயிலில் கண் கூசுகிற வெண்மையில் நின்றது. அண்ணி அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடிக்காரி பார்த்ததே இல்லை. எப்போதாவது விரலை மணலில் விட்டுப் பார்ப்பாள், தலையாட்டிக்கொள்வாள், போய்விடுவாள். தண்ணீர் ஊற்றாதவள் யார் என்று தனக்கு நாள்தோறும் குத்திக்காட்டத்தான் இந்த நாடகம் என்று கண்ணாடிக்காரி நினைத்தாள். அந்த வீட்டில் வாழ்கிறவர்களுக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். அடுத்த வெயில் காலத்தில் நடுவிலிருந்து ஒரு தண்டு நீளும், அதில் பூ வரும் என்று அண்ணி ஃபோனில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் இவள் காதில் விழுந்திருந்தது.

பூவுக்கு முன்னால் அண்ணிக்கு வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற முடியாது என்பதால், தேறுகிறவரை தன் அக்கா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. கீழே காலியாக ஓர் அறை இருந்தது. அங்கே வந்து படுங்கள் என்று இவள் சொல்லவில்லை, படுக்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று காலையில் அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செடியின் முன்னால் வந்து நின்றாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கண்ணாடிக்காரி உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அது அண்ணிக்கும் தெரியும். குரலைச் சற்று உயர்த்தியே பேசினாள்.

"இங்க பாரு. நான் வர்ற வரைக்கும் உனக்கு யாரும் தண்ணி ஊத்த வேணாம். ஊத்தவும் மாட்டாங்க. தண்ணி இல்லாமக் கிடக்கறது இந்த வீட்டுல ஒண்ணும் புதுசில்ல. உயிரு போற நேரத்துலகூட ஒரு சொட்டு கிடைக்காத வீடு இது. நீ பழகிக்கோ. ஃபேன் ஓடட்டும், யாரும் நிறுத்தாம இருந்தா சரி."

சொல்ல வேண்டியதும் அதில் இருந்தது, சொல்லக் கூடாததும் இருந்தது. ஊற்றாதே என்ற ஒற்றை வார்த்தையை மூஞ்சிக்கு நேரே வந்து சொல்லியிருந்தால் முடிந்தது. அண்ணிக்கு நாக்கு அப்படி வளையாது. கண்ணாடிக்காரியின் காதிலும் பாதிதான் ஏறியது. எந்தப் பாதி என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு நின்றாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீர்தான், வேறில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

"ஊத்தவும் மாட்டாங்களா? பாக்கலாம்," என்றாள், இந்தத் தடவை மெஷினிடம்கூட இல்லை, தனக்குத்தானே.

அன்று சாயங்காலமே ஒரு வாளி நிறையப் பிடித்துக்கொண்டு போய் ஊற்றினாள். தொட்டியின் அடியில் வழிந்து, செங்கல் மேட்டிலிருந்து கொல்லை முழுக்க ஓடுகிறவரை ஊற்றினாள். செடி செத்தால் யார் பேர் கெடும்? மறுபடி சொந்தக்காரர்கள் முன்னால் விரல் நீளும்: செடிக்குக்கூடத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றுவிட்டாள், அண்ணனுக்கா கொடுத்திருக்கப் போகிறாள்! அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. இந்தச் செடி பிழைத்துக் கிடக்க வேண்டும். கொழுகொழுவென்று கிடக்க வேண்டும். அண்ணி திரும்பி வந்து பார்த்து, வாயடைத்து நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது.

காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு வாளி, சாயங்காலம் வந்ததும் ஒரு வாளி. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் இன்னொரு சொம்பு கூடுதல். சாட்சி இருக்கட்டும்.

முதலில் செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. இலைகள் பெரிதாகி, வெளுப்புப் போய்ப் பச்சைக்குத் திரும்பின. கண்ணாடிக்காரிக்கு ஒரே பெருமை. "பட்டினி போட்டு வெளுக்க வச்சிருந்திருக்கா மகராசி. இப்பதான் உடம்புல ரத்தம் ஓடுது," என்றாள் மெஷினிடம். அண்ணி இல்லாதபோதும் அவள் மெஷினிடம்தான் பேசினாள், பழகிவிட்டது. விசிறி இலையைக் காயவைக்கிறது என்று தோன்றியதால் அதையும் நிறுத்தினாள்.

பிறகு அடியிலை மஞ்சளானது. நடு இலைகளில் வெள்ளையாக மாவு தூவினது போல ஒன்று படர்ந்தது. பழைய வெள்ளை திரும்பி வருகிறதாக்கும், அண்ணி வந்து பார்த்தால் அதற்கும் குறை சொல்ல முடியாது என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்தபோது செடி முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தது. தாகத்தில் வாடும் செடியும் வேர் அழுகின செடியும் மேலுக்கு ஒரே மாதிரிதான் தொங்கும். அவளுக்கு எங்கே தெரியும்? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாளியைத் தூக்கினாள்.

கடையில் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். முதலாளிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, கேட்டால் போதும்.

"வாடினா தண்ணி ஊத்தும்மா. இதுல என்ன ஆராய்ச்சி?"

"ஊத்தத்தான் ஊத்துறேன் சார். ஊத்த ஊத்த வாடுது."

"அப்ப பத்தலைன்னு அர்த்தம். உன் சக்கரத்துல தண்ணி நின்னா லென்ஸ் என்ன ஆவுது?"

கருகிப்போகும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தேய்க்கிற சக்கரத்தின் மேல் குழாயிலிருந்து தண்ணீர் விடாமல் சொட்ட வேண்டும், குழாய் அடைத்துக்கொண்டால் லென்ஸ் ஓரம் பொசுங்கி நாற்றமடிக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்ப்பதே அவள் கண்ணுக்குத் தொழில். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாக்கை நனைத்து, தொட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

அந்த வாரத்தில்தான் அண்ணன் மகள் ஃபோன் செய்தாள். வெகு நாளைக்குப் பிறகு வந்த அழைப்பு. கண்ணாடிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி எடுத்தாள்.

"அத்தை, எப்படி இருக்கீங்க? அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பெரியம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க."

"சந்தோஷம்மா. சாப்பிட ஆரம்பிச்சாளா?"

"இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா. அத்தை, அந்தச் செடி எப்படி இருக்கு? அதுக்குத் தண்ணி..." என்று அவள் தயங்கினாள். "தண்ணி விஷயத்துல நீங்க கொஞ்சம் பாத்துக்கணும் அத்தை. அது வந்து..."

கண்ணாடிக்காரிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. தூக்கி வளர்த்த பெண். கைப்பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன பெண். அவளும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு தண்ணீரைச் சொல்லிக் காட்டுகிறாள்.

"உங்கம்மா சொல்லிக் கொடுத்தாளா இதை?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. நானாத்தான்..."

"தண்ணி விஷயத்துல எனக்கு யாரும் பாடம் நடத்த வேணாம்மா. வாளி வாளியா ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். வேணும்னா தெருவுல கேட்டுக்கோ," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். மறுபடி மணி அடித்தது. எடுக்கவில்லை.

அதன் பிறகு செடியைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. இலைகள் கறுத்துச் சுருண்டன. கிளைகளைத் தொட்டால் நுனி கையோடு வந்தது. அந்த மூக்கைத் துளைக்கிற வாசனை போய், தேங்கின சாக்கடை நாற்றம் வந்தது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்திய நாளில் செத்துப்போனால் பழி நிச்சயம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். செடியின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்துவிட்டது. "இவ்வளவு குடிச்சும் சாவுறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று ஒரு காலையில் அதை நேராகவே கேட்டாள்.

அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கண்ணாடிக்காரி ஜன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். அண்ணி மாடிக்குப் போகவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். பாதி உடம்பாகியிருந்தாள். ஈரச் சாக்கைப் பார்த்தாள், நின்றுபோன விசிறியைப் பார்த்தாள். செடியின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். அது முரண்டு பிடிக்காமல் அப்படியே கையோடு வந்தது. வேர்கள் பழுப்பாக, ஊறின நூல் மாதிரி நைந்து தொங்கின. பாதி மணலிலேயே தங்கிவிட்டது.

இப்போது ஆரம்பிப்பாள் என்று கண்ணாடிக்காரி காத்திருந்தாள். செடி போனதால் இனி சுவரிடம் பேசுவாளோ என்னவோ. பதிலுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றாள்.

அண்ணி சுவரிடம் பேசவில்லை. செத்த செடியைத் தொட்டியில் போட்டு, தொட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, சமையலறை வாசலுக்கு வந்தாள். முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"தினமும் ஊத்தினியா?"

அந்தக் குரல் தன்னை நோக்கி வந்ததே கண்ணாடிக்காரிக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. எவ்வளவு காலமாயிற்று! அடுக்கி வைத்தவை கலைந்துபோயின.

"ரெண்டு வேளையும்."

"வேணாம்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

"செடிகிட்டச் சொன்னீங்க."

"உன் காதுல விழணும்னுதான் சொன்னேன்."

"விழுந்துச்சு. உயிர் போற நேரத்துலகூடச் சொட்டுத் தண்ணி கிடைக்காத வீடுன்னு விழுந்துச்சு. அதான் ஊத்தினேன். இதுக்கும் நான் தண்ணி ஊத்தலைன்னு ஊரெல்லாம் சொல்லிடக் கூடாதில்ல?" அவளுக்குக் குரல் ஏறியது. "நீங்க சொல்லக் கூடியவங்கதான? வீடு நிறைய ஆளை வச்சுக்கிட்டுச் சொன்னவங்கதான? டாக்டர் உங்ககிட்டயும் சொன்னார், என்கிட்டயும் சொன்னார். கொடுத்தா அன்னைக்கே போயிடுவார்னு சொன்னார். கொடுக்காம உக்காந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியும்," என்றாள் அண்ணி. "இப்ப தெரியும்."

தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் தொண்டை காஞ்சு எரிஞ்சுது. தண்ணி கேட்டேன். நர்ஸ் தரமாட்டேன்னுட்டா. கும்பிட்டுக் கேட்டேன். பஞ்சை நனைச்சு உதட்டுல ஒத்தினா. பாவி, நாசமாப் போவன்னு திட்டினேன் அவளை. அவ பாட்டுக்குப் பஞ்சை நனைச்சுக்கிட்டே இருந்தா. அப்ப உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

"அதுக்கு?"

"நான் கொடுத்தேன்," என்றாள் அண்ணி.

கண்ணாடிக்காரிக்கு விளங்கவில்லை. "என்ன கொடுத்தீங்க?"

"அவருக்கு. அன்னைக்குச் சாயங்காலம் நான் வந்ததும், நீ மருந்து வாங்கக் கீழ போன. அவர் அழுதார். ஃபிளாஸ்க்குல இருந்ததை ஊத்திக் கொடுத்தேன். ஒரு தம்ளர் போதலன்னார். இன்னொண்ணும் கொடுத்தேன். வயிறு நிறையக் குடிச்சார். ராத்திரி மூச்சு முட்ட ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்டக்கூடச் சொல்லல நான். அதனாலதான் போனாரா, போற நேரம் வந்து போனாரான்னு எனக்குத் தெரியாது. காலையில எல்லாரும் என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. முந்திக்கிட்டு உன்னைச் சொல்லிட்டேன்."

இந்த நாளுக்காகக் கண்ணாடிக்காரி எத்தனை வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள்! சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஓரம் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள். தன் பேரில் தப்பில்லை என்று ஆகிவிட்டால் எப்படி நிமிர்ந்து நிற்பாள், எப்படிக் காறித் துப்புவாள் என்றெல்லாம் யோசித்திருந்தாள். இப்போது ஆகிவிட்டது. அந்தத் தொட்டியைப் பிடுங்கி அண்ணி தலையிலேயே போடலாமா என்று நிஜமாகவே நினைத்தாள். சித்தியின் பார்வை, வராத ஃபோன்கள், அண்ணன் மகளின் தயங்கின குரல், எல்லாம் இந்த ஒருத்தி வாயால் வந்த வினை. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் எரிந்தது. அண்ணன் கடைசியாகக் குடித்தது அண்ணி கையால். சொன்ன பேச்சைக் கேட்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பகல் முழுக்கக் காத்தவளுக்குக் கிடைத்தது பாவி என்ற பட்டம். அந்தப் பொறாமை வாயைத் திறக்க வைத்தது.

"குடிச்சிட்டு என்ன சொன்னார்?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்க. என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"தம்ளரைக் கழுவி வச்சிடுன்னார். 'அவகிட்டச் சொல்லாத, தெரிஞ்சா திட்டுவா'ன்னார்."

தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு கண்ணாடிக்காரி திட்ட ஆரம்பித்தாள்.

முதலில் அண்ணனைத்தான் திட்டினாள். திருட்டுத்தனமாகக் குடித்தவனே, தம்ளரைக் கழுவச் சொல்ல மட்டும் புத்தி வேலை செய்ததோ, சின்ன வயதில் மிட்டாய் டப்பாவைக் காலி செய்துவிட்டு மூடியை அழுத்தி வைத்த புத்தி சாகிறவரைக்கும் போகவில்லையா என்று திட்டினாள். அப்புறம் அண்ணியைத் திட்டினாள். கொடுத்ததற்கு ஒரு திட்டு, கொடுத்துவிட்டு மறைத்ததற்கு ஒன்பது திட்டு. ஜாடை இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. நேருக்கு நேர், பச்சையாக. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, மூடிக்கொண்டது, மறுபடி திறந்தது. கண்ணாடிக்காரி அதைப் பார்த்து, "நல்லா கேட்டுக்குங்க, அன்னைக்கு வந்து நின்னவங்க எல்லாருக்கும் சொல்லுங்க," என்று கத்தினாள். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. அதைத் துடைக்கவும் அவளுக்கு நேரமில்லை.

அண்ணி தொட்டியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மாடிக்குப் போகவில்லை. தொட்டியின் கனம் தாங்காமல் சற்றே முன்னால் வளைந்தாள். நெற்றியில் வியர்வை கோத்தது.

கண்ணாடிக்காரி மூச்சு வாங்க நிறுத்தினாள். வாசலில் கிடந்த முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. தையல் பிரிஞ்சா அதுக்கும் நான்தான்னு சொல்லுவீங்க. நான் இன்னும் முடிக்கல, உக்காந்து கேளுங்க."

அண்ணி தொட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.